எம்1101 ஆர்மி டிரெய்லர்: டெக்சாஸ்ல பதிவு, ஜீப்ல இழுவை

ஹூஸ்டன்வாசி · 9 மார்ச் 2024

ஏலத்துல எம்1101 ஒண்ணு வருது. ஹம்வீக்குப் பின்னாடி ஓடுமே, அந்த அலுமினியப் பெட்டி டிரெய்லர். நம்மகிட்ட இருக்கிறது நாலு கதவு ரேங்லர் ஜேகே. ஆர்மி சாமானுக்கு டைட்டிலே (உரிமைப் பத்திரம்) தேவையில்ல, வாங்கின பில்லைக் காட்டினா கவுண்டி ஆபீஸ்ல நம்பர் பிளேட் குடுத்துடுவாங்கன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். நிஜமா? ஜீப் இழுக்குமா?

பழையஇரும்பு · 9 மார்ச்

பாதி நிஜம். அந்தப் பாதி டேட்டா பிளேட்ல இருக்கு, அதாவது டிரெய்லர்ல அடிச்சிருக்கிற விவரத் தகட்டுல.

எம்1101-க்கும் எம்1102-க்கும் தள்ளி நின்னு பாத்தா வித்தியாசம் தெரியாது. எம்1101 மொத்த எடை 3,400 பவுண்டு, எம்1102 4,200. டெக்சாஸ்ல மொத்த எடை 4,000 பவுண்டைத் தாண்டின டிரெய்லருக்கு டைட்டில் கட்டாயம். அதுக்குள்ள இருந்தா டைட்டில் உங்க இஷ்டம், பதிவு மட்டும் போதும். உங்க ஜேகேவோட இழுவை வரம்பு 3,500. ஆக எம்1101-னா ரெண்டு கோட்டுக்கும் உள்ள நிப்பீங்க. எம்1102-னா ரெண்டையும் தாண்டிட்டீங்க. ஏலப் பக்கத்துல தலைப்பு எம்1101-னு இருந்து போட்டோவுல பிளேட் எம்1102-னு இருக்கிறது சர்வசாதாரணம். பிளேட்டோட போட்டோ இல்லாத லாட்டுக்கு (ஏலப் பொருளுக்கு) கை தூக்காதீங்க.

பழையஇரும்பு · 9 மார்ச், ராத்திரி

பில் விஷயத்தைத் தனியா சொல்லணும். அமெரிக்க அரசு தன் வண்டியை வெளிய விக்கும்போது குடுக்கிற காகிதம் எஸ்எஃப்-97. அதை வச்சுத்தான் டைட்டிலுக்கு விண்ணப்பிக்கணும். ஏலக் கம்பெனி குடுக்கிற பில் வேற, இது வேற. லாட் விவரத்துல எஸ்எஃப்-97 உண்டா இல்லையான்னு போட்டிருப்பாங்க. பில் மட்டும்தான்னு எழுதியிருந்தா, 4,000-க்குக் கீழ இருக்கிற டிரெய்லருக்கு அதை வச்சு சமாளிக்கலாம். எம்1102-ஐ பில்லை மட்டும் நம்பி எடுத்தா தலைவலி.

கவுன்டர்ல இருக்கிறவங்க "தயாரிப்பாளர் சான்று எங்க?"ன்னு கேப்பாங்க. கம்பெனி நேரா ராணுவத்துக்கு வித்த சாமானுக்கு அது கைக்கு வராது. எஸ்எஃப்-97 அந்த இடத்தை நிரப்புதுன்னு பொறுமையா சொல்லுங்க. அடுத்த கேள்வி, "சாலைப் பாதுகாப்புத் தர முத்திரை ஏன் இல்ல?" ராணுவத்துக்குன்னே ஒப்பந்தப்படி செஞ்சு நேரா வித்த வண்டிக்கு அந்த விதிகள் பொருந்தாதுன்னு மத்திய விதிகள்லயே இருக்கு: தலைப்பு 49, பிரிவு 571.7(சி). அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கையோட கொண்டு போங்க. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, காகிதத்துல காட்டினா தலையாட்டுவாங்க.

ஹூஸ்டன்வாசி · 10 மார்ச்

பிளேட் போட்டோ கிடைச்சிடுச்சு அண்ணே, எம்1101 தான். ஆனா சீரியல் நம்பர் 17 எழுத்து இல்லையே, ரொம்பக் குட்டையா இருக்கு. லாட்ல "ஈயுசி தேவை"ன்னும் போட்டிருக்கு.

பழையஇரும்பு · 10 மார்ச்

குட்டையா இருக்கிறதுதான் சரி தம்பி. 17 எழுத்து வின் (வண்டி அடையாள எண்) 1981-லேருந்து சிவிலியன் வண்டிக்கு வந்த கட்டாயம். ஆர்மி பிளேட்ல ரெண்டு நம்பர் இருக்கும்: தயாரிப்பாளர் போட்ட சீரியல் ஒண்ணு, ராணுவம் தன் கணக்குக்குக் குடுத்த பதிவு நம்பர் ஒண்ணு. எஸ்எஃப்-97-ல வர வேண்டியது சீரியல். அவசரத்துல ராணுவப் பதிவு நம்பரைத் தட்டிவிட்டிருப்பாங்க, இல்ல பூஜ்யத்தை 'ஓ'ன்னு அடிச்சிருப்பாங்க. காகிதம் கைக்கு வந்த அன்னைக்கே பிளேட்டுக்கு முன்னாடி உக்காந்து ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. தப்பு இருந்தா குடுத்தவங்ககிட்டயே திருப்பி அனுப்பித் திருத்தி வாங்குங்க. பேனா எடுத்து நீங்களே சரி பண்ணினா அந்தக் காகிதம் செத்துப் போச்சு.

ஈயுசிங்கிறது இறுதிப் பயன்பாட்டுச் சான்று, டிஎல்ஏவோட (ராணுவத் தளவாட முகமை) 1822-ம் நம்பர் படிவம். யார் வாங்குறீங்க, எதுக்கு வாங்குறீங்கன்னு சரிபார்ப்பாங்க. பணம் கட்டிட்டாலும் அது தேறாம கேட்டைத் தாண்டி வெளிய விட மாட்டாங்க. வாரக் கணக்குல ஆகலாம். ரோடு டிரிப்புக்கு நாள் குறிச்சிட்டு ஏலம் எடுக்கிற ஆளா இருந்தா இது சரிப்படாது.

மூணாம்கியர் · 11 மார்ச்

டைட்டில் "இஷ்டம்"ங்கிறதோட நிறுத்தக்கூடாது. எஸ்எஃப்-97 கையில இருந்தா 3,400 பவுண்டுக்கும் டைட்டில் எடுத்துடுங்க. நாளைக்கு நீங்களே வேற மாநிலத்துக்கு மாறினாலோ, வெளிமாநில ஆளுக்கு வித்தாலோ அங்க கேப்பாங்க.

டெக்சாஸ் வழி இதுதான்: 130-யு படிவத்தை நிரப்பி எஸ்எஃப்-97, அடையாள அட்டை, எடைச் சீட்டோட கவுண்டி வரி அலுவலகத்துக்குப் போகணும். சீரியலை ஏத்துக்க மாட்டேன்னாங்கன்னா போலீஸ் நேர்ல வந்து பார்த்து எழுதித் தர்ற விடிஆர்-68-ஏ படிவம் இருக்கு. அதுக்கும் மேல போனா மாநிலமே ஒரு நம்பர் குடுத்து டிரெய்லர்ல பதிக்கச் சொல்லும்.

பழையஇரும்பு · 11 மார்ச்

சரியான திருத்தம். முந்தாநேத்து நான் எழுதினது டிரெய்லரைச் சாகுற வரைக்கும் விக்காம வச்சிருக்கிற ஆளுக்குத்தான் பொருந்தும்.

எடைச் சீட்டுக்கு எங்கயும் அலைய வேண்டாம். ஹைவே டிரக் ஸ்டாப்ல கேட் (CAT) ஸ்கேல்ங்கிற வண்டி எடை மேடை இருக்கும். டிரெய்லரைக் கழட்டி மேடையில தனியா நிறுத்தி எடை போடுங்க. காலியா கிட்டத்தட்ட 1,400 பவுண்டு வரணும். நூறு இருநூறு கூட வந்தா உள்ள ஏதோ கிடக்கு, இல்ல யாரோ எதையோ வெல்டு வச்சிருக்காங்க.

இன்னொண்ணு. "நானே செஞ்ச டிரெய்லர்"னு எழுதிக் குடுத்துடுங்க, வேலை சுலபம்னு சொல்ற ஆளுங்க உண்டு. பொய்ப் பிரமாணம் அது. பிளேட்ல ராணுவ ஒப்பந்த நம்பரே குத்தியிருக்கும்போது யார் நம்புவா?

கைமாறி வர்ற டிரெய்லர்னா எஸ்எஃப்-97-ல யார் பேர் இருக்குன்னு பாருங்க. விக்கிறவர் ஒருத்தர், காகிதத்துல பேர் இன்னொருத்தருடையதுன்னா, முதல்ல உங்க பேருக்கு மாத்திட்டு வந்து வில்லுங்கன்னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க.

ஹூஸ்டன்வாசி · 19 மார்ச்

ஏலம் எடுத்தாச்சு! ஈயுசி போட்டிருக்கேன். எடுக்கப் போறப்ப என்ன கொண்டு போகணும்? அங்கயே டயர் மாத்தலாமா?

பழையஇரும்பு · 19 மார்ச்

டயர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. இழையில வேற எதையும் படிக்காட்டியும் பரவாயில்ல.

ஹம்வீ சக்கரம் ரெண்டு துண்டு. ரெண்டு பாதியையும் சுத்தி நட்டு போட்டு இறுக்கியிருக்கும். அதுக்கு உள்வட்டத்துல, ஹப்போட சக்கரத்தைச் சேர்க்கிற நட்டு எட்டு. இந்த எட்டைக் கழட்டினா சக்கரம் வெளிய வரும். வெளிவட்ட நட்டைக் காத்தோட கழட்டினா சக்கரம் ரெண்டாப் பிளந்து முகத்துல அடிக்கும். ஆள் செத்திருக்காங்க. வெளிவட்டத்துல 8, 12, 24-னு வகை வகையா இருக்கிறதால எண்ணிப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹப்புக்குக் கிட்ட இருக்கிற வட்டம் எதுன்னு பாருங்க. வெளிவட்ட நட்டு மேல சிவப்புப் பெயிண்ட் அடிச்சு வச்சா அடுத்து வேலை செய்றவனுக்கும் புண்ணியம்.

ரெண்டு பாதியையும் பிரிக்கத்தான் வேணும்னா வால்வு கோரை (வால்வுக்குள்ள இருக்கிற ஊசியை) கழட்டி வெளிய எடுங்க. சத்தம் நின்னதும் வால்வு துளைக்குள்ள கம்பி விட்டுப் பாருங்க, சேறு அடைச்சிருந்தா உள்ள காத்து அப்படியே நிக்கும். டயர் கையால அமுக்கினா அமுங்கணும். அதுக்கப்புறம்தான் ஸ்பேனர்.

ஆர்மி டயர் அளவு 37×12.50, ரிம் 16.5 இஞ்ச். சாதாரண கடையில 16.5-க்கு டயர் கிடைக்கிறது கஷ்டம். போல்ட் 8, போல்ட் வட்டத்தோட விட்டம் 6.5 இஞ்ச், அதாவது பழைய முக்கால் டன், ஒரு டன் பிக்கப்புகளோட அதே அளவு. 16 இஞ்ச் பிக்கப் சக்கரத்துக்கு மாறினா டயர் எந்த ஊர்லயும் கிடைக்கும், உயரமும் இறங்கும். மாட்டறதுக்கு முன்னாடி நடு ஓட்டை ஹப் மேல உக்காருதா, டயர் பக்கத்துல எங்கயாவது உரசுதான்னு சுத்திப் பாருங்க. பழைய டயரையே ஓட்டப் போறீங்கன்னா பக்கச் சுவர்ல நாலு இலக்க தேதி இருக்கும்: முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். 2308-னா 2008-ம் வருஷம் 23-வது வாரம். பட்டன் தேயாம புதுசு மாதிரி இருந்தாலும் பதினஞ்சு வருஷ ரப்பர் ஹைவேல உரிஞ்சு போகும்.

பழையஇரும்பு · 20 மார்ச்

எடுக்கப் போறப்ப: பின்டில் ஹூக் (டிரெய்லர் வளையத்தை மாட்டுற ஜீப் பக்கத்துக் கொக்கி), ரேட்டிங் போட்ட ஷேக்கிள் (செயினை மாட்டுற யு வடிவ இணைப்பு) நாலு, காந்தம் வச்ச 12 வோல்ட் லைட் செட், காத்தடிக்கிற பம்ப், வால்வு கோர் நாலஞ்சு, பிரேக்கர் பார் (இறுகின நட்டைக் கழட்டுற நீளக் கம்பி), ஜாக், பலகைத் துண்டு, மல்டிமீட்டர். பல இடங்கள்ல கேட்டுக்குள்ள ரிப்பேர் பண்ண விட மாட்டாங்க. ஓடாதுன்னு தோணினா பிளாட்பெட் டிரெய்லரோட போங்க. அப்படியே ஓட்டிட்டு வர்றதா இருந்தா டெக்சாஸ்ல ஒருவழிப் பயண அனுமதி 5 டாலர், 15 நாள் வரைக்கும் செல்லும். முன்கூட்டியே வாங்கிக்குங்க.

ஹூஸ்டன்வாசி · 31 மார்ச்

வந்துடுச்சு. 12 பின் ஆர்மி பிளக்குல ஏழு பின் அடாப்டர் மாட்டினேன். லைட் எரியுதான்னே தெரியல, ஏதோ பீடி நெருப்பு மாதிரி மினுங்குது.

பழையஇரும்பு · 31 மார்ச்

சரியாத்தான் எரியுது. அடாப்டர் பின்னை மாத்தும், வோல்ட்டை மாத்தாது. உங்க லைட் 24 வோல்ட், ஜீப் குடுக்கிறது 12.

மூணு வழி. பல்பு வகை லைட்டா இருந்தா பல்பை மாத்துங்க: ஸ்டாப், இண்டிகேட்டருக்கு இருக்கிற 1683-க்குப் பதிலா 1156, டெயிலுக்கு இருக்கிற 1251-க்குப் பதிலா 67. சாக்கெட் அதேதான். சீல் பண்ணின எல்இடி வகையா இருந்தா உள்ள பல்பு கிடையாது. 12 வோல்ட் பேட்டரியில நேராத் தொட்டுப் பாருங்க, பகல்ல இருபதடியிலேருந்து தெரியலைன்னா கழட்டி வச்சுடுங்க. மூணாவது, தண்ணி புகாத 12 வோல்ட் எல்இடி செட் வாங்கி ஒயரையும் புதுசா இழுக்கிறது. என் ஓட்டு இதுக்குத்தான். பழைய ஹார்னெஸ்ஸை யாருக்காவது வித்துடலாம், ஆர்மி வண்டியைப் பழைய மாதிரியே வச்சிருக்கிற ஆளுங்க தேடி வாங்குவாங்க.

பழைய ஒயரையே வச்சுக்கிறதுன்னா, ஒயர் முனையில தகர வளையத்துல நம்பர் இருக்கும். 21 டெயில், 22 ஸ்டாப்பும் இண்டிகேட்டரும், 23 பிளாக்அவுட் (எதிரி கண்ணுல படாத மங்கல் லைட்) ஸ்டாப், 24 பிளாக்அவுட் மார்க்கர், 90 எர்த். 23-ஐயும் 24-ஐயும் எதோடயும் சேர்க்காம டேப் சுத்தி விட்டுடுங்க. ஜீப் பக்கம் நாலு ஒயர் போதும்: பிரவுன் டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது, வெள்ளை எர்த். இடது வலதை வளையத்தைப் பாத்து முடிவு பண்ணாம, இண்டிகேட்டர் போட்டு மீட்டர்ல பாருங்க.

பழையஇரும்பு · 1 ஏப்ரல்

நேத்து எர்த்தைப் பத்தி ரெண்டு வார்த்தை விட்டுப்போச்சு. பின்டில் வளையம் வழியா எர்த் கிடைக்கும்னு விட்டுடாதீங்க. குலுங்கிட்டே வர்ற இரும்புல கரண்ட் விட்டு விட்டு வரும். அப்ப பிரேக் போட்டா இண்டிகேட்டர் எரியும், இண்டிகேட்டர் போட்டா டெயில் மங்கும், பேய் புகுந்த மாதிரி ஆடும். வெள்ளை ஒயரை சட்டத்துல போல்ட் போட்டு இறுக்குங்க. பெயிண்ட்டைச் சுரண்டினாத்தான் பிடிக்கும்.

சுரண்டறப்ப ஜாக்கிரதை. அது சாதாரண பெயிண்ட் இல்ல, ரசாயனத் தாக்குதலைத் தாங்குற கார்க் பெயிண்ட். தூசியை மூச்சுல இழுக்கக் கூடாது, வெல்டு வச்சுச் சூடாக்கினா வர்ற புகை அதைவிட மோசம். ஒரு ரூபா அளவுக்குக் கையால ஈரமாத் தேச்சாப் போதும், முகமூடி போட்டுக்குங்க. மொத்த டிரெய்லரையும் கிரைண்டர்ல உரிச்சுப் பளபளன்னு ஆக்கணும்னு ஆசைப்படாதீங்க. (இன்னைக்குத் தேதியைப் பாத்துட்டு விளையாட்டுன்னு நினைச்சுடாதீங்க.)

மூணாம்கியர் · 2 ஏப்ரல்

பிரேக் பத்தி யாரும் பேசலையே. டெக்சாஸ்ல 4,500 பவுண்டு வரைக்கும் டிரெய்லருக்கு பிரேக்கே கட்டாயம் இல்ல. அதனால எம்1101 பிரேக் ஒழுகினா லைனை அடைச்சு விட்டுடுறாங்க.

பழையஇரும்பு · 2 ஏப்ரல்

சட்டம் அப்படித்தான். ஆனா பல மாநிலங்கள்ல கோடு 3,000. அப்படி ஒரு மாநிலத்துக்குள்ள நுழைஞ்சீங்கன்னா லைனை அடைச்ச டிரெய்லர் மாட்டிக்கும். அதைவிட, நாலாயிரத்துச் சொச்சம் பவுண்டு ஜீப்புக்குப் பின்னாடி 3,400 பவுண்டு பிரேக் இல்லாம தள்ளிட்டு வந்தா மலை இறக்கத்துல என்ன ஆகும்?

இது சர்ஜ் பிரேக். ஜீப் வேகம் குறைஞ்சா டிரெய்லர் முன்னுக்குத் தள்ளும். இழுவைத் தண்டு உள்ள அமுங்கி மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். ஒயரும் வேண்டாம், ஜீப்ல கன்ட்ரோலரும் வேண்டாம். சோதிக்கிறது சுலபம்: ஒரு பக்கம் ஜாக் போட்டுத் தூக்கி, மத்த சக்கரத்துக்குக் கட்டை வச்சு, ஒருத்தர் சக்கரத்தைச் சுத்தணும், இன்னொருத்தர் தண்டை நெம்பி உள்ள அழுத்தணும். சக்கரம் பட்டுன்னு நிக்கணும். விட்டதும் தாராளமாச் சுத்தணும். நிக்கலைன்னா எண்ணெய் இல்ல, இல்ல தண்டு துருப் பிடிச்சு இறுகிக் கிடக்கு. விட்டும் சுத்தலைன்னா சக்கர சிலிண்டர் ஒட்டியிருக்கு. அப்படியே ஓட்டினா ஹப் சுடும்.

எண்ணெய்ல ஏமாறாதீங்க. அமெரிக்க ராணுவம் எண்பதுகள்லேருந்து சிலிகான் எண்ணெய், அதாவது டாட் 5. கடையில மலிவாக் கிடைக்கிற டாட் 3, டாட் 4 அதோட கலக்காது. பாட்டில்ல டாட் 5.1-னு இருந்தா அதுவும் சிலிகான் கிடையாது, பேர்தான் கிட்ட. டாட் 5-லயே தொடருங்க, இல்லைன்னா லைனை முழுசாக் கழுவி ரப்பர் எல்லாத்தையும் மாத்திட்டு டாட் 3-க்குப் போங்க. நடுவுல நிக்கிறதுதான் தப்பு.

மேட்டுல ரிவர்ஸ் எடுத்தாலும் தண்டு அமுங்கி பிரேக் பிடிக்கும். அது கோளாறு இல்ல, சர்ஜ் பிரேக்கோட குணம். சமதளத்துல மெதுவாத் தள்ளுங்க.

ஹூஸ்டன்வாசி · 6 ஏப்ரல்

பிரேக் பிடிக்குது, லைட் எரியுது. ஆனா ஓட்டும்போது பின்னாடி கடக் கடக்னு கொல்லன் பட்டறை மாதிரி சத்தம். காலியாப் போனா துள்ளவும் துள்ளுது.

பழையஇரும்பு · 6 ஏப்ரல்

டிரெய்லர் மூக்குல இருக்கிற ஆர்மி லூனெட் வளையத்தோட உள்விட்டம் 3 இஞ்ச். பின்டில் கொக்கி அதைவிட ஒல்லி, அந்த இடைவெளிதான் சத்தம். காடு மேடுன்னா அந்த ஆட்டம் வேணும், எந்தக் கோணத்துல திரும்பினாலும் கழலாது. ரோட்டுக்கு மட்டும்னா வளையத்தை அடியிலேருந்து அழுத்திப் பிடிக்கிற வகை பின்டில் கிடைக்குது. கிரீஸ் தடவினா சத்தம் கொஞ்சம் குறையும், பேன்ட் பாழாகும்.

துள்ளறதுக்குக் காத்து. பக்கச் சுவர்ல போட்டிருக்கிற அதிகபட்சத்தை அடிச்சு வச்சிருப்பீங்க. அது முழுச் சுமைக்கான கணக்கு, 1,400 பவுண்டு காலி டிரெய்லருக்கு அது கல்லு. டயர் கம்பெனியோட சுமை அட்டவணையைப் பாத்து இறக்குங்க.

அடுத்தது கொக்கி எடை. மொத்த எடையில பத்துலேருந்து பதினஞ்சு சதவீதம் கொக்கி மேல உக்காரணும். முழுச் சுமைக்கு 340-லேருந்து 510 பவுண்டு. ஜேகேவுக்குக் கொக்கியில 350-தான் வரம்பு. அதனால முழுச் சுமை ஏத்தணும்னு நினைக்காதீங்க. உள்ள 1,200 பவுண்டு வச்சா மொத்தம் 2,600, கொக்கியில 260-க்கு மேல 350-க்குள்ள நிறுத்திடலாம்.

அளக்க வீட்டு எடை மெஷின் போதும். மூணடி நீளத்துக்கு ஒரு பலகை: ஒரு முனை செங்கல் மேல, மறுமுனை மெஷின் மேல. முதல்ல பலகை மட்டும் காட்டுற எடையைக் குறிச்சுக்குங்க. டிரெய்லரோட மூக்கைச் செங்கல்லேருந்து ஓரடி தள்ளிப் பலகை மேல இறக்குங்க. இப்ப காட்டுறதுல பலகை எடையைக் கழிச்சு மூணால பெருக்கினா கொக்கி எடை. மெஷின் 95 காட்டி பலகை 5-னா, 90 தடவை 3, 270. டிரெய்லர் சமமா நிக்கணும், மூக்கு தூக்கியிருந்தா கணக்கு பொய்யாகும்.

பழையஇரும்பு · 7 ஏப்ரல்

சமம்னதும் ஞாபகம் வருது. 37 இஞ்ச் டயர் மேல நிக்கிற டிரெய்லர் மூக்கு ஜீப் ரிசீவரைவிட (பின்னாடி கொக்கி மாட்டுற குழாய்) உசரத்துல இருக்கும். பின்டில் பிளேட்டுல ஓட்டைகள் மேலயும் கீழயும் இருக்கிற மாதிரி உயர்த்துற ஷேங்க் (ரிசீவருக்குள்ள நுழையற தண்டு) வாங்குங்க. மூக்கு கீழ குனிஞ்சு இழுத்தா பாரம் முன்னுக்கு வரும். மூக்கு தூக்கினா வால் ஆடும்.

செயினைக் குறுக்கா, மூக்குக்குக் கீழ எக்ஸ் மாதிரி போடுங்க. கொக்கி கழண்டாலும் மூக்கு செயின் மேல விழும், ரோட்டுல குத்தாது. ஆர்மி செயின் கொக்கி ஜீப் வளையத்துக்குள்ள நுழையாது, அதுக்குத்தான் ஷேக்கிள் சொன்னேன். அகலம் கிட்டத்தட்ட 86 இஞ்ச், ஜேகே 74. ரெண்டு பக்கமும் ஆறு ஆறு இஞ்ச் வெளிய நிக்கும். டிரைவ்-த்ரூ காபிக் கடை பக்கம் போகாதீங்க.

சின்னஜீப் · 12 ஏப்ரல்

ரெண்டு கதவு ஜேகேவுக்கு எது?

பழையஇரும்பு · 12 ஏப்ரல்

வரம்பு 2,000 பவுண்டுதான். எம்416 பாருங்க. கால் டன், காலி எடை 580 பவுண்டு, சுமை 500. சக்கரம் 5 போல்ட், 5.5 இஞ்ச் வட்டம், பழைய சிஜே ஜீப் சக்கரம் அப்படியே ஏறும். தொட்டி அடியில தண்ணி வடியற மூடி ரெண்டு இருக்கும், அதைத் திறக்காம மழையில வருஷக்கணக்கா வச்சிருந்தா தரை சல்லடையாயிருக்கும். பெயிண்ட்டை நம்பாம ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. ஃபுளோரிடாவுல 2,000 பவுண்டுக்குக் கீழ காலி எடைன்னா டைட்டிலே கிடையாது, பதிவு மட்டும்.

எம்105 மலிவா வருதேன்னு போகாதீங்க. காலியாவே 2,650 பவுண்டு, பிரேக் காத்தழுத்தத்துல வேலை செய்றது. காத்து குடுக்கிற லாரி இல்லாம அந்த பிரேக் வெறும் அலங்காரம்.

ஹூஸ்டன்வாசி · 26 ஏப்ரல்

டைட்டில் வந்துடுச்சு, நம்பர் பிளேட்டும் வந்துடுச்சு. 571.7 அச்செடுத்த பக்கத்தை அந்தம்மா நகல் எடுத்து வச்சுக்கிட்டாங்க. பிளேட்டை எங்க மாட்ட? ஆர்மி லைட்ல பிளேட்டுக்குன்னு வெளிச்சமே இல்லையே.

பழையஇரும்பு · 26 ஏப்ரல்

பின்பக்கம், இடது டெயில் லைட்டுக்குப் பக்கத்துல ஒரு எல் பட்டை வச்சு மாட்டுங்க. பின்கதவைத் திறந்தா பட்டையில இடிக்குதான்னு பாத்துட்டுத் துளை போடுங்க. வெள்ளை எல்இடி ஒண்ணு வாங்கிப் பட்டை மேலயே வச்சு பிரவுன் ஒயரோட சேருங்க. அதோட எர்த்தைப் பட்டையில வைக்காம வெள்ளை ஒயருக்கே கொண்டு வாங்க.

ஹூஸ்டன்வாசி · 27 ஏப்ரல்

பட்டையிலதான் வச்சிருந்தேன். கழட்டிட்டேன்.